9–3, 15–12: ஒரு கணித வட்டத்தில் ஆறு சனிக்கிழமைகள்

பின்னணி

மேற்கு மாசசூசெட்ஸில், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர் நூலகத்தில் நடந்தது இது. சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு கணித வட்டம் கூடுகிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் கிடையாது. நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் அவருக்கு உதவியாள். வாரநாட்களில் மென்பொருள் வேலை. போன இலையுதிர்காலத்தில் ஆறு வாரத் தொடர் ஒன்றை முதல்முறையாக என்னையே நடத்தச் சொன்னார். அதில் நான் இரண்டு தவறு செய்தேன். ஒன்று வகுப்பைக் கெடுத்தது, மற்றொன்று காப்பாற்றியது. இரண்டையும் எழுதிவைப்பது இதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்கு உதவக்கூடும்.

கணித வட்டம் ட்யூஷன் அல்ல. இதை ஒவ்வொரு பருவமும் பெற்றோரிடம் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930களில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தொடங்கிய பழக்கம் இது. ‘க்ருஷோக்’ என்றார்கள், வட்டம் என்றுதான் பொருள். ஆரம்பத்தில் பேராசிரியர் பேசுவார், பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். மாஸ்கோவில் அதை மாற்றியவர், அப்போது தானே கல்லூரி மாணவராக இருந்த டேவிட் ஷ்க்லியார்ஸ்கி. கணக்கைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார். பலகைக்கு வந்து தீர்வைச் சொல்வது பிள்ளைகளின் வேலை. 1938 மாஸ்கோ கணித ஒலிம்பியாடில் பரிசுகளில் பாதி அவருடைய வட்டத்துப் பிள்ளைகளுக்குப் போனது. 1942இல் போரில் இறந்தார், வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை.

அமெரிக்காவில் இது வேரூன்றியது வெகுகாலம் கழித்துத்தான். 1994இல் பாஸ்டன் பகுதியில் பாப் காப்லன், எல்லன் காப்லன் தம்பதியும் டொமாஸ் கில்லெர்மோவும் தொடங்கினார்கள். 1998இல் பெர்க்லியில் தொடங்கிய ஸ்வெஸ்டலினா ஸ்டான்கோவா, பல்கேரியாவில் இப்படிப்பட்ட வட்டங்களில் வளர்ந்தவர். எங்கள் ஆசிரியை காப்லன் பாணிக்காரர். கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பார். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஊர்தான். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாடத்தில் அடித்துவைத்துத் தொடங்கிய ஆட்டம் அது, ஸ்பிரிங்ஃபீல்டில். பக்கத்திலேயே நார்த்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரியில், செண்டா பெரன்சன் அடுத்த ஆண்டே பெண்களுக்கு அதைக் கொண்டுவந்தார். பதிவு செய்திருந்த ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பேர் பள்ளி அணியில் ஆடுபவர்கள்.

முதல் வாரம்

பலகையில் ஒரே வரி எழுதினேன். 1896 ஜனவரி 18, அயோவா சிட்டி: சிகாகோ 15, அயோவா 12. ஐந்துக்கு ஐந்து பேர் ஆடிய முதல் கல்லூரி ஆட்டமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அது. அப்புறம் கேட்டேன்: “இந்தப் பதினைந்து எத்தனை விதமாக வந்திருக்கும்?”

“கூடைக்கு எத்தனை புள்ளி?” என்றது ஒரு குரல்.

“கூடைக்கு இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று” என்றேன். எதிரணி தவறு செய்தால் தடையின்றி எறியக் கிடைப்பது ஃப்ரீ த்ரோ. தொலைவிலிருந்து போட்ட கூடைக்கு மூன்று புள்ளி தரும் கோடு ஆண்கள் கல்லூரி ஆட்டங்களுக்கெல்லாம் பொதுவாக வந்தது 1986–87இல்தான், ஆகவே அதை விட்டுவிடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். எதையும் சரிபார்க்காமல் சொன்ன பதில். இதுதான் நான் முதலில் சொன்ன, வகுப்பைக் காப்பாற்றிய தவறு.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. வரிசை முக்கியமா இல்லையா என்று ஒரு சண்டை. முக்கியமில்லை என்றால் விடை எட்டுதான்: பூஜ்யத்திலிருந்து ஏழு வரை கூடைகள், மீதி ஃப்ரீ த்ரோ. வலது சுட்டுவிரலில் வெள்ளை டேப் சுற்றியிருந்த ஒரு சிறுமி இதை ஒப்புக்கொள்ளவில்லை. “கடைசி நொடியில் போட்ட ஃப்ரீ த்ரோவும் முதல் நிமிடத்தில் போட்டதும் ஒன்றா? அது வேறு மேட்ச்.” அவளை அழைத்துவந்த அப்பா பதிவுத் தாளில், கணக்கு வராது, கூடைப்பந்து என்பதால்தான் வருகிறாள் என்று எழுதியிருந்தார். வரிசை முக்கியம் என்றே வகுப்பு முடிவு செய்தது. 4 புள்ளிக்கு ஐந்து வழி என்று எழுதி எண்ணியபோது மணி ஆகிவிட்டது.

இரண்டாம் வாரம்

1, 2, 3, 5 என்று இருந்த பட்டியலில் 8 சேர்ந்தது. 6 புள்ளிக்கு ஒரு குழு 12 என்றது, இன்னொரு குழு 13 என்றது. விடுபட்ட ஒன்றைத் தேடி நான்கு தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தன. கணித வட்டத்தில் இதைவிட நல்ல காட்சி கிடையாது.

அப்போது போட்டித் தேர்வுப் பயிற்சிக்குப் போகிற ஒரு பையன் நிமிராமலே சொன்னான்: “இது ஃபிபோனாச்சி.” முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததை அடையும் எண்வரிசையின் பெயர் அது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. “அப்படியா? ஏன் அப்படி வருகிறது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். செய்தது வேறு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று பெற்றோர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் ஏதோ நடந்திருக்கிறது என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. “சபாஷ்” என்றேன். கடைசியாக விழுந்தது கூடையாக இருந்தால் அதற்கு முன் இரண்டு குறைவு, ஃப்ரீ த்ரோவாக இருந்தால் ஒன்று குறைவு, ஆகவே முந்தைய இரண்டையும் கூட்டினால் போதும் என்று நானே விளக்கி, 15க்கு 987 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டேன். எல்லாம் நான்கு நிமிடம்.

தாளின் மேல் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. விடுபட்ட அந்தப் பதின்மூன்றாவது வழியை யாரும் தேடவில்லை. டேப் சுற்றிய சிறுமி பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடத்தை ஓட்ட நான் பட்ட பாடு தனிக் கதை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பையனின் பாட்டி, கும்பகோணத்துப் பக்கம் தமிழாசிரியையாக இருந்தவர், மகன் வீட்டுக்கு வந்திருந்ததால் பேரனோடு வந்து பின்வரிசையில் உட்காருவார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“ஏன் தம்பி, இது மாத்திரைக் கணக்குத்தானே? குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு.”

“ஆமாம்மா” என்றேன், அந்த நொடி வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்பதைச் சொல்லாமல். யாப்பில் குறிலும் நெடிலுமாக ஒரு அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று கேட்டுத்தான் பழைய இந்திய யாப்பறிஞர்களான விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் இதே எண்களை அடைந்தார்கள். இத்தாலியக் கணிதக்காரர் ஃபிபோனாச்சியின் நூல் வந்தது 1202இல், இருவருக்கும் பிறகு. பாட்டி அதோடு விடவில்லை. நாற்காலிக் கையில் ஐந்து மாத்திரையைத் தட்டிக் காட்டினார்: நெடில் நெடில் குறில், நெடில் குறில் நெடில், குறில் நெடில் நெடில். பேரன் மெதுவாகத் தட்டிப் பார்த்தான். வகுப்பில் இரண்டு வாரமாக நடக்காத ஒன்று அந்த நாற்காலிக் கையில் நடந்தது.

பார்க்கிங்கில் நடந்த பேச்சு

ஆசிரியை வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. காரில் பெட்டிகளை ஏற்றும்போதுதான் பேசினார். “பெயர் தெரிந்தவுடன் எல்லோரும் அந்தப் பொருளே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நீங்களும்தான்.”

எனக்குக் கொஞ்சம் கோபம். பையன் சரியாகச் சொன்னான், சரி என்றேன், அதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லாமல் நெய்ஸ்மித்துக்குப் போனார். நெய்ஸ்மித் 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே அணியையும் பார்த்துக்கொண்டார். கணக்கு: 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர், விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். இது ஆட வேண்டிய விளையாட்டு, பயிற்சி கொடுக்க இதில் ஒன்றுமில்லை என்று அவர் நினைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பயிற்சியாளரானார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கிக்கும், டீன் ஸ்மித் வட கரோலினாவுக்கும் பயிற்சியாளர்களாகப் போனார்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் பாதி வரலாறு அந்த 55–60இலிருந்து கிளைவிட்டதுதான்.

எனக்கு அந்த ஒப்பீடு முழுதாக ஒட்டவில்லை. ஆலனே பயிற்சி கொடுத்துத்தானே ஜெயித்தார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டிக்கியை மூடினார்.

எடுத்த முடிவு

மூன்றாம் வாரம் ஒன்பது பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள். தொடரைக் கைவிட்டு வேறு தலைப்புக்குப் போகலாமா என்று முந்தின இரவு இருவரும் பேசினோம். வேண்டாம் என்று முடிவானது. வேறு தலைப்பிலும் அந்தப் பையனுக்கு ஏதோ ஒரு பெயர் தெரிந்திருக்கும், எனக்கும் அதே கை துறுதுறுப்பு இருக்கும். அதற்குப் பதிலாக, விதியே சொல்லாமல் பழைய ஸ்கோர்களை மட்டும் பலகையில் எழுதுவது, நான் எதையும் விளக்காமல் இருப்பது என்று பேசிக்கொண்டோம். மார்க்கர் பிள்ளைகள் கையில் இருக்கும். இது என் யோசனை அல்ல. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை.

மூன்றாம் வாரம்

நான்கு வரி எழுதினேன்.

1891, நெய்ஸ்மித்தின் முதல் ஆட்டம், ஒன்பது பேருக்கு ஒன்பது பேர்: 1–0.
1895 பிப்ரவரி 9, மினசோட்டா வேளாண் பள்ளி, ஹாம்லின் கல்லூரி, மீண்டும் ஒன்பதுக்கு ஒன்பது: 9–3.
1896 ஜனவரி 18, சிகாகோ, அயோவா: 15–12.
1896 ஏப்ரல் 4, ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா, பெண்கள் ஆட்டம்: 2–1.

கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை என்று சொன்னபோது சிறுமிகள் மேசையைத் தட்டினார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிடம் கல்யாண வீட்டில் மின்சாரம் போனதுபோல் இருந்தது.

“9, 3, 15, 12. எல்லாம் மூன்றின் மடங்கு” என்றாள் டேப் சுற்றியவள். “அப்போது கூடைக்கு மூன்று. ஃப்ரீ த்ரோவுக்கும் மூன்று.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் வாரமே கூடைக்கு இரண்டு என்று சொல்லியிருக்கிறேனே. எதிரே ஆசிரியை தலையை இலேசாக அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். இந்த ஆறு வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்தே வந்தது. ஃபிபோனாச்சிப் பையன், நான்கு எண்களை வைத்துக்கொண்டு விதி சொல்ல முடியாது என்றான். எல்லாம் மூன்றின் மடங்காக விழுவதற்கு 81இல் ஒரு வாய்ப்பு என்று கணக்கிட்டான். அது சின்ன வாய்ப்புத்தானே, அப்படியானால் நான் சொன்னதுதானே சரி என்றாள் அவள். இல்லை, நீ பார்த்த பிறகு சொல்கிறாய் என்றான் அவன். பன்னிரண்டு வயதில் அந்த வித்தியாசம் அவனுக்குப் பிடிபட்டிருந்தது எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் அவன் சொன்னதுதான் திருப்பம். “மூன்று என்றே வைத்துக்கொள். அப்போது 15க்கு ஒரே வழி, ஐந்து கூடை. எண்ணவே ஒன்றுமில்லை.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒரு அணியை மட்டும் ஏன் எண்ணுகிறாய்? எதிர் அணியும் நடுநடுவே போடும் அல்லவா?”

இரண்டு வாரமாக நான் ஒரே அணியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் ஆடுபவளுக்கு அது அபத்தமாகத் தெரிந்திருக்கிறது.

நான்காம், ஐந்தாம் வாரங்கள்

இங்கேதான் விஷயம் செழித்தது. அவள் கட்டம் போட்ட தாளில் சிகாகோவின் ஒவ்வொரு கூடைக்கும் வலப்பக்கம் ஒரு கட்டம், அயோவாவின் கூடைக்கு மேலே ஒரு கட்டம் என்று கோடு இழுத்தாள். ஒரு மேட்ச், ஒரு பாதை. வலது விரலில் டேப் இருந்ததால் கோடுகள் கோணலாக இருந்தன. அதனால் ஒவ்வொரு பாதையும் பார்க்க வேறு வேறாக இருந்தது, எண்ணுவதற்கு வசதி.

சின்ன ஆட்டங்களிலிருந்து தொடங்கினார்கள். 9–3 என்றால் மூன்று கூடை, ஒரு கூடை: நான்கு பாதை. 2–1 ஆட்டத்தில் கூடைக்கு ஒன்று என்று வைத்தால்: மூன்று பாதை. 15–12க்குப் பாதைகளை வரைந்து முடியாது என்று தெரிந்ததும், ஒவ்வொரு முனையிலும் அங்கே வந்துசேரும் வழிகளின் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார்கள். இடப்பக்க முனையின் எண்ணையும் கீழ்முனையின் எண்ணையும் கூட்டு. இந்தக் கூட்டலை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி வரிசை 1, 5, 15, 35, 70, 126 என்று முடிந்தது. இப்படிக் கூட்டி வளரும் எண் முக்கோணத்துக்கு உரிய ‘பாஸ்கல்’ என்ற பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. ஃபிபோனாச்சிப் பையனுக்கும் அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவன் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். அவனும் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம், முதல் கூடையிலிருந்து கடைசி வரை சிகாகோவே முன்னால் இருந்த மேட்ச்கள் எத்தனை என்று ஒரு பையன் கேட்டான். மூலைவிட்டக் கோட்டைத் தொடாத பாதைகளை மட்டும் எண்ண வேண்டும். முதலில் 12, அப்புறம் 15, பிறகு 14. மூன்று பேர் தனித்தனியாக எண்ணி 14இல் நின்றார்கள். 126இல் 14 என்றால் ஒன்பதில் ஒன்று. ஹாம்லின் ஆட்டத்தில் நான்கில் இரண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தில் மூன்றில் ஒன்று. இரண்டு அணிகளின் கூடை வித்தியாசத்தை மொத்தக் கூடையால் வகுத்தால் இது வருகிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. தேர்தல் வாக்கு எண்ணிக்கையை வைத்து 1887இல் பிரெஞ்சுக் கணிதக்காரர் பெர்ட்ரான் வெளியிட்ட தேற்றம் இது. அந்தப் பெயரை நான் கடைசி வரை சொல்லவில்லை. ஏன் அப்படி வருகிறது என்பதற்கான நிரூபணம் முடியவும் இல்லை.

ஆறாம் வாரம்

நூலகர் கல்லூரிக் கூடைப்பந்துப் பதிவேடு ஒன்றை எடுத்துவைத்திருந்தார். பின்பக்கத்தில் விதிமாற்றங்கள் ஆண்டுவாரியாக இருந்தன. பிள்ளைகள்தான் புரட்டினார்கள். 1895–96 பருவம்: கூடைக்கு மூன்றிலிருந்து இரண்டாகவும், ஃப்ரீ த்ரோவுக்கு மூன்றிலிருந்து ஒன்றாகவும் புள்ளி குறைக்கப்பட்டது.

9–3 ஆட்டம் 1895 பிப்ரவரியில். அவள் சொன்ன விதி அதற்குப் பொருந்திவிட்டது. 15–12 நடந்தது விதி மாறிய பருவத்தில். அங்கே மூன்றின் மடங்கு ஒன்றையும் நிரூபிக்காது. அவள் அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பையன் பாதி வெற்றியோடு உட்கார்ந்திருந்தான்.

முதல் வாரம் நான் சொன்னது சரிபார்க்காமல் சொன்னது என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். “தெரியும்” என்றாள் அவள்.

பின்விளைவு

வராமல் போன இருவரில் ஒருவன் ஐந்தாம் வாரம் திரும்ப வந்தான், ஒருத்தி வரவில்லை. கடைசி நாளில் எட்டு பேர். டேப் சுற்றிய சிறுமி குளிர்காலத் தொடரில் சேரவில்லை. சனிக்கிழமைகளில் மேட்ச் இருக்கிறது. கணக்கு பிடித்துவிட்டதா என்று அவள் அப்பாவிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஃபிபோனாச்சிப் பையனின் அம்மா, ஆறு வாரத்தில் எத்தனை பாடம் முடித்தீர்கள் என்று கேட்டார். ஒன்று என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை காலை அரை மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர் அவர்.

இனி மாற்றிச் செய்வது

விதியை நான் சொல்லமாட்டேன், ஸ்கோரிலிருந்து தொடங்குவேன். நான் சரிபார்க்காத எதையும் சரிபார்த்ததுபோல் சொல்லமாட்டேன். தவறான அந்த விதிதான் மூன்றாம் வாரச் சண்டைக்கு வழிவிட்டது, உண்மைதான். ஆனால் அது அதிர்ஷ்டம். அடுத்த முறைக்கு அதை நம்ப முடியாது.

விடையின் பெயர் தெரிந்த பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையை அடக்கவும் கூடாது, மற்றவர்களுக்கு முன்னால் முடிசூட்டவும் கூடாது. “ஏன்?” என்று ஒரு சொல் போதும் என்று ஆசிரியை சொல்கிறார். எனக்கு அந்தச் சொல் சரியான நேரத்தில் வர இன்னும் சில பருவங்கள் ஆகலாம்.

கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பெற்றோர் இப்போது நூலகத்தின் முன்கூடத்தில் உட்காருகிறார்கள்.

ஒன்றும் இரண்டுமான கணக்கை மீண்டும் எடுத்தால், எழுதுவதற்கு முன் தட்ட வேண்டும், பாட்டி தட்டியதுபோல. அவர் ஜனவரியில் ஊர் திரும்பிவிட்டார்.

கடைசி நாள் பையன் ஒரு கேள்வி விட்டுப்போனான். புதிய விதியில், கூடைக்கு இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று என்றால், இரு அணியும் சேர்ந்து 15–12க்கு எத்தனை மேட்ச்? 2–1க்கு ஐந்து என்று அவனே எண்ணிப் பலகையின் மூலையில் எழுதியிருந்தான். அடுத்த தொடர் அந்த ஐந்திலிருந்து தொடங்குகிறது. விடையை நான் இன்னும் கணினியில் போட்டுப் பார்க்கவில்லை.